கொன்ஸ்டபிளின் கால்கள்

2024 பெப்ரவரி 17, சனிக்கிழமை, முற்பகல் ஒன்பது நாற்பது. வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினொரு பாகை, பொடிப்பனி தூவுகிறது. கனடாவின் ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில், இலங்கையின் காலனியக் காவற்படை பற்றிய கண்காட்சி திறக்க எண்பது நிமிடங்களே இருக்கின்றன. சன்னலின் வெள்ளை வெளிச்சத்தில் கொன்ஸ்டபிள் பொம்மை விறைத்து நிற்கிறது: தலைப்பாகை, இடைவார், விசில், குண்டாந்தடி, பளபளக்கும் கறுப்புச் சப்பாத்து. விளக்கக்குறிப்புகளை எழுதிய நிஷாந்தி அந்தச் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் கையில் பழைய பொலிஸ் நிலையமொன்றின் ஆளணிப் பட்டியலின் நகல்: ஓர் இன்ஸ்பெக்டர், பதினான்கு கொன்ஸ்டபிள்கள், அவர்களுடைய மாதச் சம்பளம், வழங்கப்பட்ட பொருள்கள். சப்பாத்து இன்ஸ்பெக்டருக்கு மட்டுந்தான். அதைக் கழற்றாவிட்டால் குறிப்புகளில் தன் பெயர் வேண்டாமென்று அவள் சொல்லிவிட்டாள். கழற்றுவதற்கோ, பொம்மையை அன்பளித்த சண்முகலிங்கம் ஒப்புதற் படிவத்தில் கையெழுத்திடவேண்டும்.

"வெறுங்காலோட நிண்டா சனம் சிரிக்கும், பிள்ளை. மிசிசாகா முழுக்க அலைஞ்சு வாங்கின சப்பாத்து உது," என்கிறார் அவர். "சிரிக்கட்டும் அங்கிள். நாங்கள் போட்டுவிட்டா, வெள்ளைக்காரன் குடுத்த மாதிரியெல்லோ போயிடும்." சண்முகலிங்கம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பட்டியலை வாங்குகிறார். வெப்பமூட்டி முனகுகிறது. அவருடைய சுட்டுவிரல், பெயர் பெயராக, மெல்லக் கீழிறங்குகிறது. "பதினாலு பேரில ஒருத்தருக்குமே இல்லையோ?" "ஒருத்தருக்கும் இல்லை." அவர் பொம்மையின் மார்பில் படிவத்தை வைத்து, முழுப் பெயரையும் நிதானமாக எழுதிக் கையெழுத்திட்டு நீட்டுகிறார். "இந்தா. பாத்துக் கழற்று. விரலெல்லாம் பிளாஸ்டிக், உடைஞ்சிடும்."