மடிசார் கட்டிய பொம்மை

பொம்மையைக் கையில் எடுத்ததும் சுப்புலக்ஷ்மி அத்தை முதலில் அதன் இடுப்பைத்தான் பார்த்தாள்.

"அட, மடிசார்னா கட்டியிருக்கு!"

அத்தை என் அப்பாவின் கடைசித் தங்கை. பேரனுடைய பூணலுக்கு அழைக்கச் செம்பூரிலிருந்து வந்திருந்தாள். குங்குமச் சிமிழைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, காபி ஆறும் வரை எங்கள் மாட்டுங்கா வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது அவள் வழக்கம். எதையும் விடமாட்டாள். வந்ததும் வராததுமாக என் கையைத் திருப்பிப் பார்த்து, முழங்கை ஏன் இப்படிக் கறுத்துத் தடித்துப் போயிருக்கிறது, ஆபீஸில் தரை துடைக்கச் சொல்கிறார்களா என்று கேட்டாகிவிட்டது.

அடுத்தது கண்ணாடி அலமாரி.

அலமாரி முழுக்க ஃபேஷன் பொம்மைகள். கை, கால் மூட்டெல்லாம் மடங்கும் ரகம். கவுன், லெஹங்கா, மழைக்கோட்டு என்று ஒவ்வொன்றுக்கும் தைத்துப் போட்டு, தலை வாரி, படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டால் எந்த ஊரிலிருந்தோ யார் யாரோ பாராட்டுவார்கள்.

உறவில் யாரும் பாராட்டுவதில்லை. பெண் காலேஜுக்குப் போகிறாள், அம்மா பொம்மை வைத்து விளையாடுகிறாள் என்று என் மனைவி பத்மஜாவைப் பற்றிச் செம்பூரிலிருந்து விக்ரோலி வரை பேச்சு. கல்யாண வீடுகளில் பந்தியில் உட்காரவைத்தே கிண்டல் செய்வார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவாள்.

மடிசார் பொம்மை அன்று காலையில்தான் தயாராகியிருந்தது. பட்டுத் துணியை ஒட்டுப்போட்டு நீளமாக்கி, அந்தக் குச்சிக் காலுக்கு நடுவே கச்சம் நிற்காமல் அவிழ்ந்து அவிழ்ந்து விழுந்து, வாரக்கணக்கில் இழுத்தடித்த வேலை. சாயங்கால வெயில் பால்கனிக்கு வந்ததும் படம் எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

அத்தை பொம்மையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். முகம் மாறியது.

"ஏன்டி பத்மா, தலைப்பு இடது தோள்ல இருக்கே? நம்மாத்துல வலது தோள்னா போட்டுப்போம்! இத்தனை வருஷமா என்னத்தடி கட்டிண்டே?"

பத்மஜா ஒவ்வொரு திவசத்துக்கும் மடிசார் கட்டுகிறவள். அரைத் தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் தோள் மாறாமல் கட்டுவாள்.

"தப்புதான் அத்தை" என்றாள்.

அத்தைக்கு அது போதவில்லை. துணியைத் தடவிப் பார்த்தாள். நவராத்திரிக்கு அவள் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்த ரவிக்கைத் துணி. அப்படியானால் பொம்மையிலும் தனக்குப் பாதி உரிமை உண்டென்று அவள் முடிவு செய்துவிட்டது எனக்குத் தெரிந்துபோனது. பேத்தி பார்த்தால் குதிப்பாள், தலைப்பை நானே சரிபண்ணிக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டே கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள்.



அழைக்க வந்த சுமங்கலி வாய்விட்டுக் கேட்டதை எங்கள் வீடுகளில் இல்லை என்று சொல்வதில்லை. அதிலும் பத்மஜா. போன வருஷம் அத்தை, நன்னா இருக்கே என்று சொன்ன ஒரே காரணத்துக்காகக் கட்டாத புதுப் பட்டுப்புடவையை மடித்துக் கொடுத்தவள்.

நான் வாயைத் திறந்தேன். பத்மஜா என் காலை மிதித்தாள்.

"தர மாட்டேன் அத்தை. இது எனக்கு வேணும்."

அத்தை பொம்மையை மேஜைமேல் வைத்தாள். காபியைப் பாதியில் வைத்தாள். வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டாள், ஆனால் போய்ட்டு வரேன் என்று என்னிடம் மட்டும்தான் சொன்னாள். அவள் வீடு போய்ச் சேருவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

கதவைச் சாத்திவிட்டு வந்த பத்மஜா பொம்மையை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"வெயில் போறதுக்குள்ள தலைப்பை மாத்துங்கோ."

அவள் கட்டிக்கொள்ளும்போது நான் எதிரில் நின்று பார்த்ததை, பொம்மையின் முதுகைப் பார்த்தபடி கட்டினால் தோள் மாறத்தானே செய்யும். அவளுக்கு அது காலையிலேயே கண்ணில் பட்டிருக்கும். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததால் அவள் சொல்லவில்லை.

இப்போது ஒரு துப்பட்டாவை எடுத்துக்கொண்டு, எதிரில் நிற்காமல் என் பக்கத்தில் வந்து, நான் பார்க்கும் திசையையே பார்த்து நின்று வலது தோளில் போட்டுக் காட்டினாள். நான் மாற்றிக் கட்டினேன். அதற்குள் பழைய போர்வையை மடித்து, பால்கனித் தரையில் என் முழங்கைகள் எப்போதும் ஊன்றும் இடத்தில் விரித்துவிட்டாள். பொம்மையின் கண்மட்டத்துக்குக் குப்புறப் படுத்தால்தான் படம் சரியாக வரும்.

கல்யாணமான புதிதில் என் பெட்டியிலிருந்து முதல் பொம்மையை அம்மா வெளியே எடுத்தபோது, அது என்னுடையது அம்மா என்று முந்திக்கொண்டு சொன்னவள் இவள். அன்றிலிருந்து எல்லாப் பேச்சையும் இவளே வாங்கிக்கொள்கிறாள். நான் எந்தக் கோயிலில் என்ன வேண்டிக்கொண்டேனோ, எனக்கு இப்படி ஒருத்தி கிடைத்தாள்.

அழைப்பு மணி அடித்தது. மேஜைமேல் அத்தையின் குங்குமச் சிமிழ் அப்படியே இருந்தது.

பத்மஜா வழக்கம்போல் பொம்மைக்காக அவசரமாகக் கை நீட்டினாள்.

நான் தரவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தேன்.

"அத்தை, தலைப்பை மாத்திக் கட்டிட்டேன். இப்போ சரியா இருக்கான்னு பாருங்கோ."