முப்பத்தோராம் நாள்

மதிய வெயில் சன்னல் கம்பிகளின் நிழலைக் கீபோர்டின் மேல் கோடு கோடாகப் போட்டிருக்கிறது. நகராட்சி அலுவலகத்து மின்விசிறி கடகடவென்று சுற்றுகிறதே தவிர, காற்றைத்தான் காணோம். பள்ளிக்கூட வளைவில் சிக்னல் வைக்க அரசிடம் மானியம் கேட்கும் விண்ணப்பத்தைப் பொறியாளர் வாசிக்க வாசிக்க, எழுத்தர் கணினியில் நிரப்புகிறாள். இன்றுதான் கடைசி நாள். மூன்று வருடத்தில் அங்கே ஐந்து பேராவது இறந்திருக்க வேண்டும் என்பது விதி. "நாலுதாம்மா வருது. ஒண்ணு இடிக்குது," என்று அவர் பேனா மூடியால் காதைக் குடைகிறார்.

"எங்க வீட்டுக்காரர், சார்?"

குடைவது நிற்கிறது. ஒன்றும் எழுதாத பின்பக்கத்தை அவர் புரட்டிப் பார்க்கிறார். "அடிபட்டு முப்பது நாளுக்குள்ள போனாத்தான் சேர்த்துக்கலாம்னு போட்டிருக்கான். அவரு முப்பத்தொண்ணாம் நாள்லதானம்மா..."

அவள் தலையாட்டுகிறாள். முப்பதாம் நாள் காலையில், மூச்சுக் கருவியை எடுத்துவிடலாமா என்று டாக்டர் கேட்டபோது, இன்னும் ஒரே ஒரு நாள் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியது அவள்தான். இப்போது கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. தூரத்தில் பள்ளிக்கூட மணி அடிக்கிறது. மகள் பையை மாட்டிக்கொண்டு அந்த வளைவைத்தான் தாண்டி வர வேண்டும்.

"அடுத்த கட்டம் காயம்பட்டவங்க. எத்தனை, சார்?"

"பதினொண்ணு. அவரோட பன்னெண்டு."

அவள் பன்னிரண்டு என்று அடிக்கிறாள். அந்தக் கட்டத்துக்குள் அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார்.