இரண்டாவது புட்டி

வெளியே வயலில் மருந்தடிக்கும் இயந்திரம் உறுமுகிறது. ஆராய்ச்சிக்காக வந்த பெண் நீட்டும் சிறு புட்டியைக் கட்டிலில் இருக்கும் தாய் வாங்கவில்லை. “போன மாசம் எடுத்துட்டுப் போன என் பால்ல பூச்சிமருந்து இருந்துச்சா, இல்லையா?” “ஆய்வு முடியாம சொல்லக்கூடாதுக்கா. அது விதி.” “அக்கான்னு கூப்பிடாத. எப்ப முடியும்?” “ரெண்டு வருஷம் ஆகும்.” “அதுக்குள்ள இவன் சோறு தின்னுட்டு ஓடிட்டிருப்பான். அவன்கிட்டயே வந்து சொல்லு.” தொட்டிலில் குழந்தை விழித்து அழுகிறது. வந்தவள் கையிலிருக்கும் படிவங்களின் ஓரத்தைத் தட்டிச் சமன்செய்கிறாள். தாய் குழந்தையை எடுத்து மடியில் கிடத்திக்கொண்டு அவள் முகத்தையே பார்க்கிறாள். “இப்பக் குடுக்கவா, வேணாமா? வாயால சொல்ல வேணாம். தலையையாவது ஆட்டு.” அழுகை வீறிடலாகிறது. வந்தவளின் தலை அசையவில்லை. தாய் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து பால் கொடுக்கிறாள்.