ரப்பர் பாதத்தின் கீழே

லாரி விபத்தில் ஜெசிந்தாவின் வலது கால் முழங்காலுக்கு மேலேயே போய்விட்டது. மிஞ்சிய தொடை எலும்புக்குள் டாக்டர் ரெஹானா ஒரு டைட்டானியத் தண்டைச் செருகினார். எலும்பு அதை ஏற்றுப் பற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கழற்றிவிட வேண்டியதுதான். மாதக்கணக்கில் காத்திருந்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, எலும்புக்கும் உலோகத்துக்கும் நடுவே இடைவெளியே தெரியவில்லை.

தோலுக்கு வெளியே நீட்டியிருந்த தண்டின் முனையில் செயற்கைக் காலை மாட்டி, டாக்டரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி முற்றத்தில் நடந்த ஜெசிந்தா சட்டென்று நின்றாள்.

"இங்கன சரளக்கல்லு கெடக்கோ?"

"குனிஞ்சு பாத்தீங்களா?"

"இல்ல டாக்டர். தெரியுது."

டாக்டருக்கு நம்பிக்கை வரவில்லை. கண்ணை மூடச் சொல்லி, கையைப் பிடித்து வேறு பக்கம் கூட்டிப் போனார்.

"இது?"

"சிமெண்டு."

"இது?"

ஜெசிந்தா பாதத்தை மெல்ல அழுத்தினாள். "புல்லு. ஈரமா இருக்கான்னு மட்டும் தெரியல."

டாக்டர் புல்லில் மண்டியிட்டு அந்த ரப்பர் பாதத்தைத் தொட்டார். "நான் தண்ட வச்சதோட சரி. தரையோட அதிர்வ தண்டு வழியா வாங்கி உணர்றதெல்லாம் உங்க எலும்பு செஞ்ச வேல. போதும், கண்ணத் தொறங்க."

ஜெசிந்தா திறக்கவில்லை. அடுத்து என்ன வருகிறதென்று அறிய, பாதத்தை முன்னே நீட்டினாள்.