பத்து விநாடி மௌனம்

கணவனின் ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் கரைந்த பிறகுதான் தமயந்தி சுவர் அலமாரிக்குள் நுழைந்தாள். உள்ளிருந்தபடியே கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள். இருட்டில் கையை நீட்டி, பின்சுவரில் ஒட்டியிருந்த மைக்கைத் தடவிப் பார்த்தாள்.

ஸ்ரீராம்புரத்தின் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் இதைவிட அமைதியான இடம் கிடைக்காது. தொங்கும் புடவைகள் தெருச் சத்தத்தை விழுங்கிவிடும். யாரும் இலவசமாகப் படிக்கவும் கேட்கவும் இணையத்தில் ஒரு தமிழ் நூலகத்தைச் சிலர் சம்பளமில்லாமல் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். பார்வையில்லாத மாணவர்களுக்காகப் பழைய புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வது அதில் அவள் பங்கு.

"அருண், முதல்ல பத்து செகண்ட் மௌனம்" என்றாள் மைக்கிடம்.

ஒவ்வொரு பதிவையும் அப்படித்தான் தொடங்க வேண்டும். பொம்மனஹள்ளியில் இருக்கும் அருண்குமார் அந்த மௌனத்தைக் கணினிக்குக் கொடுப்பான். அதில் எந்த ஒலி இருந்தாலும் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு, பதிவு முழுவதிலிருந்தும் கணினி அதைத் துடைத்துவிடும். அந்த மௌனத்தை யாரும் கேட்பதில்லை. வெட்டி எறிந்துவிடுவார்கள்.

தன் மூச்சு பதிந்துவிடாதபடி தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு காத்திருந்தாள். பிறகு வாசித்தாள். பர்மாவிலிருந்து காட்டு வழியே நடந்து தப்பி வந்த ஒருவரின் பயணக் கதை. ஆற்றங்கரையில் அவர் தயங்கி நிற்கும் இடத்தில் அத்தியாயம் முடிந்தது. புத்தகத்தை மூடினாள்.

டொக். டொக்.

பக்கத்து வீட்டிலிருந்து. ஒரு வாரமாக இப்படித்தான். வாசிக்கும்வரை ஒன்றுமில்லை, நிறுத்தியதும் சுவரில் தட்டல். இத்தோடு போதும் என்று யாரோ எச்சரிப்பதுபோல் இருந்தது.

உரிமையாளரிடம் புகார் போனால் அலமாரியும் போய்விடும். புத்தகத்தில் இன்னும் ஒரு அத்தியாயம் பாக்கி. பதிவை அருணுக்கு அனுப்பிவிட்டு, மாலையில் பக்கத்து வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்ததும் போய்க் கதவைத் தட்டினாள்.

சிவசங்கரன் பாதிக் கதவுதான் திறந்தான். கட்டட மேஸ்திரி. எப்போது வருவான், எப்போது போவான் என்று யாருக்கும் தெரியாது.

"என்னக்கா?"

"அனுஷா இல்லையா தம்பி? கண்லயே படல."

அவன் மனைவி அனுஷா, பதிவு நேரத்தில் வந்தால் அலமாரிக்கு வெளியே சத்தமில்லாமல் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறவள்.

"ஊருக்குப் போயிருக்கா. அவங்கம்மாவுக்கு உடம்பு முடியல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. போன் பண்ணாலும் எடுக்க மாட்டேங்கறா."

"மலைப் பக்கம். டவர் கிடைக்காது."

தமயந்தி தயங்கினாள். "நான் படிக்கறது உங்களுக்குத் தொல்லையா இருந்தா மன்னிச்சுக்குங்க. தினமும் சுவத்துல தட்டறீங்க."

"நானா?"

அவளைப் பார்த்தான். பிறகு தோளுக்குப் பின்னால், வீட்டுக்குள் பார்த்தான். உள்ளே எங்கோ குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆமாக்கா, நான்தான்" என்றான் கடைசியில். "எங்க உக்காந்து படிப்பீங்க?"

"சுவர் அலமாரிக்குள்ள. சிரிக்காதீங்க."

அவன் சிரிக்கவில்லை. "அதே இடத்துல எங்க பக்கமும் ஒரு அலமாரி இருக்கு. நடுவுல ஒத்தைக் கல் சுவர்தான். இன்னிக்கே அடைச்சுப் பூசிடறேன். அப்புறம் ஒரு சத்தமும் வராது."

"ஐயோ, எனக்காக எதுக்கு இவ்ளோ சிரமம்?"

"மேஸ்திரிக்கு இதெல்லாம் ஒரு வேலையாக்கா?"

கதவு மூடியது. கோபக்காரன் என்று இத்தனை நாள் நினைத்ததற்காக அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

வீட்டுக்குள் வந்ததும் அருண் அழைத்தான்.

"அக்கா, காலையில அனுப்பினதுல உங்க குரலே அங்கங்க தேயுது. தண்ணிக்குள்ள இருந்து பேசற மாதிரி."

"மைக் போச்சாடா?"

"மைக் நல்லாத்தான் இருக்கு. கோளாறு மௌனத்துல. அதுல ஏதோ பொம்பளைக் குரல் கேக்குது. கம்ப்யூட்டர் அதை இரைச்சல்னு நினைச்சு, உங்க குரலையும் சேர்த்துத் துடைச்சிருக்கு. டிவி ஓடுச்சா?"

"வீட்ல யாருமே இல்லையே."

"பழைய பதிவெல்லாம் தோண்டிப் பார்த்தேன். ஒரு வாரமா எல்லாத்துலயும் இருக்கு. நாளுக்கு நாள் சத்தம் கூடுது. நான்தான் கேக்காமலே வெட்டிட்டிருந்தேன். நீங்க மௌனம்னு சொன்ன உடனே ஆரம்பிக்குதுக்கா. அதுக்காகவே காத்திருந்த மாதிரி. எனக்கு வார்த்தை பிடிபடல. சத்தம் ஏத்தி அனுப்பறேன், நீங்க கேளுங்க."

தமயந்தி அலமாரியைத் திறந்து அதன்முன் நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் மேஸ்திரியின் பூச்சுக் கரணை செங்கல்லில் உரசத் தொடங்கியிருந்தது. நிதானமான, பழகிய கை.

இயர்போனைக் காதில் செருகினாள். முதலில் அவள் குரல். அடுத்து வெறும் இரைச்சல். அந்த இரைச்சலுக்கு அடியில், சுவரோடு வாயை வைத்துப் பேசுவதுபோல் யாரோ கிசுகிசுத்தார்கள்.

"அக்கா, நான் ஊருக்குப் போகலக்கா."