கேட்காத முட்டை

"நான் முட்டை கேட்கவே இல்லையே!"

ரே தட்டை மேசை ஓரத்துக்குத் தள்ளினான். சிவப்பு மிளகாய்ச் சாறு ஊற்றிய என்சிலாடா ரொட்டிச் சுருளின் மேல் பொரித்த முட்டை ஒன்று உட்கார்ந்திருந்தது. பரிமாறிய, ஐம்பதைத் தாண்டிய அர்மிதா முட்டையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"தப்பு என்னுதுதான் சார். மாத்திக் கொண்டாரேன்."

"வேணாம், விடுங்க. கேட்டதைக் கொண்டு வரக்கூட இங்க ஆள் இல்லை போல" என்றான் ரே, எதிரே இருந்த பிரெஸ்டனின் காதில் நன்றாக விழும்படி.

பிரெஸ்டன் அவனுடைய மேலதிகாரி. ஃபீனிக்ஸில் திறக்கப்போகும் கிளைக்கு மேனேஜர் ரேயா, கோர்ட்னியா என்பதை இந்தப் பயணத்திலேயே முடிவு செய்வதாகச் சொல்லி, இருவரையும் டென்வரிலிருந்து காரில் கூட்டி வந்திருந்தார். அன்றிலிருந்து அவர் சிரித்தால் ரேயும் சிரித்தான். அவர் தும்மினால் கைக்குட்டை நீட்டினான்.

நியூ மெக்சிகோ நெடுஞ்சாலையில் இந்த உணவகத்தைப் போனில் கண்டுபிடித்ததும் பிரெஸ்டன்தான். "ரிவ்யூல பாதிப் பேரு சொர்க்கம்ங்கறான், பாதிப் பேரு வயித்தைக் கெடுத்துக்கிட்டேன்ங்கறான். எது நிஜம்னு நாமளே பார்த்துடுவோமே" என்றார். பர்கர் கடை ஏதாவது பார்க்கலாம் என்று ரே எவ்வளவோ சொல்லியும் அவர் கேட்கவில்லை.

உள்ளே நுழைந்தபோது அர்மிதா முகமெல்லாம் சிரிப்பாக, கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். "மூணு பேருக்கு இடம் இருக்கா?" என்று ரே விறைப்பாகக் கேட்டதும் பாதி வழியிலேயே நின்றுவிட்டாள். அந்த ஊரில் எந்தக் கடையிலும் கேட்கிற கேள்வியைத்தான் அவளும் கேட்டாள்.

"சிவப்பா, பச்சையா?"

"அப்படின்னா?" என்றான் ரே, முந்திக்கொண்டு. "நாங்க யாரும் இந்தப் பக்கமே வந்ததில்லைங்க."

"மிளகாய்ச் சாறு சார். பழுத்ததுல அரைச்சா சிவப்பு, காயில அரைச்சா பச்சை" என்று அவள் பொறுமையாகச் சொன்னாள்.

சாப்பாடு மேசைக்கு வந்தபின் இணையத்தில் நடந்த சண்டை இங்கேயும் நடந்தது. கோர்ட்னி மூக்கை உறிஞ்சிக்கொண்டே தட்டை வழித்தாள். "ஐயோ, என்னமா இருக்கு!"

"இதுவா? வாயில நெருப்பை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு" என்றார் பிரெஸ்டன். முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. "ரே, உங்கப்பா கலிபோர்னியாவுல பல் டாக்டர்தானே? இந்தக் கடையைப் பார்த்தா மனுஷன் மயக்கம் போட்டுடுவாரு!"

"சமையல்கட்டைப் பார்த்தா எழுந்திரிக்கவே மாட்டாரு சார்" என்றான் ரே. பிரெஸ்டன் மேசையைத் தட்டிச் சிரித்தார். அவருடைய கோப்பையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அர்மிதா, ஊற்றி முடித்துவிட்டு உள்ளே போனாள்.

திரும்பி வரும்போது கூடை நிறைய சோப்பாப்பியாவும் ஒரு குப்பித் தேனும் கொண்டுவந்தாள். சோப்பாப்பியா பூரி மாதிரி உப்பலாக இருக்கும், சூடாகத் தின்ன வேண்டும். பிரெஸ்டனும் கோர்ட்னியும் கத்தியை வைத்து அழுத்த, காற்று போய் அது தட்டையானது. போனைப் பார்த்துக்கொண்டே ரே ஒன்றை எடுத்தான். மூலையைக் கடித்து, அந்த ஓட்டையில் தேனை ஊற்றி, ஒரு சொட்டும் சிந்தாமல் தின்றான்.

அர்மிதா கூடையை வைத்த இடத்திலேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின்னாடி ஏதோ கருகுதே?" என்றார் பிரெஸ்டன்.

"மிளகாய் வாட்டறாங்க சார். நெருப்பு மேல கம்பி உருளையில போட்டுச் சுத்துவாங்க."

"அடடே! அதைப் பார்த்துட்டு அப்படியே காருக்குப் போவோம், வாங்க."

"நேரமாச்சு சார்" என்றான் ரே. பிரெஸ்டன் அதற்குள் எழுந்து பின்கதவை நோக்கி நடந்துவிட்டார். அர்மிதா விடுவிடுவென்று போய்க் கதவை மறைத்து நின்றாள்.

"இன்னிக்கு வேணாம் சார். ஒரே புகை, கண்ணு எரியும். உங்க நல்ல சட்டை வீணாப் போயிடும்."

பிரெஸ்டன் ரேயைப் பார்த்துக் கண்ணடித்தார். "நீ சொன்னது சரிதான்யா. பின்னாடி விடமாட்டேங்கறா பாரு, என்னத்தையோ மறைக்கறா!" அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். "உன் கண்ணுல எதுவும் தப்பாது. ஃபீனிக்ஸுக்கு நீதான்."

அர்மிதா கூசிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் கதவை விட்டு நகரவில்லை.

மற்ற இருவரும் முன்வாசல் வழியாகக் காரில் ஏறிய பிறகு, போனை மறந்துவிட்டதாகச் சொல்லி ரே மட்டும் திரும்பி வந்தான். நினைத்தது கிடைத்துவிட்டது. ஆனாலும் அவமானத்தில் காது மடல் சுட்டது, நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவன் தள்ளிவிட்ட தட்டு இன்னும் மேசை ஓரத்திலேயே இருந்தது. முட்டை ஆறி, விறைத்துப் போயிருந்தது.

ஏதோ சொல்ல வாயெடுத்தான். அர்மிதா மேசையைத் துடைப்பதை நிறுத்தாமலே மெதுவாகச் சொன்னாள்:

"பழக்கதோஷத்துல முட்டை வச்சுட்டேன், ரமீரோ. உங்கப்பா மிளகாய் வாட்டிட்டு உள்ள வர்றதுக்குள்ள போயிடுப்பா."