மரப்புறா பேசி முடித்த காடு

பனி பஞ்சாய் மிதந்த விடியலில், புறாக்களை ஏமாற்றித் தரையிறக்க மரத்தில் செதுக்கிய பொம்மையான மரப்புறா, தன்னோடு வந்த துப்பாக்கியையும் உள்ளே விடச் சொல்லிச் சோளக்காட்டிடம் மல்லுக்கு நின்றது.

"கத்துக்குட்டித் துப்பாக்கியை உள்ளே விட்டா வரப்பைத்தான் சுடும்," என்றது காடு.

"அப்போ கதிரையெல்லாம் புறாவுக்கே படையல் போடு! ஒரே குண்டு. தவறினா நான் இந்தப் பக்கமே தலைகாட்டலை, போதுமா?"

காடு இணங்கியது. கதிர்களுக்கு நடுவே உட்கார்ந்து மரப்புறா துப்பாக்கிக்குச் சொன்னது:

"தம்பி, பறக்கிறதைத் துரத்தாதே. அசையாம இருக்கிறதை அடி."

"சரிண்ணே."

கனவுபோல இறங்கிய புறாக்கள் மரப்புறாவை உரசிக் குனுகின. அது சொக்கிப்போனது. சுடத் தயாராகித் துப்பாக்கி மெல்லச் சொடுக்கியதும் அத்தனையும் எழுந்து பறந்தன.

"அண்ணே, ஒண்ணு மட்டும் அசையவே இல்லை!"

மரப்புறா வாய் திறப்பதற்குள் குண்டு வந்துவிட்டது. சிறாய் சிறாயாக, வாழ்நாளில் முதன்முறையாக, அது பனிக்குள் பறந்தது.